கோடித் துணி

நீ என்ன தம்பி சொன்ன அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட? நான் மூச்சு விடாம இவ்வளவு நேரம் பேசினேன், நீ ஒரே ஒரு வரி இங்கிலீசுல சொன்ன. உடனே அந்தம்மா எழுந்திரிச்சுப் போயி கார்ல உக்காந்துக்கிச்சு. பொணத்த எரிச்சுட்டாங்கன்னு சொன்னியா? அத மட்டும் சொல்லிட்டியா?

அதான பாத்தேன்.

உன்னக் குத்தம் சொல்லல. கோலாலம்பூர்லேருந்து விடிகாலையில கெளம்பி வந்திருக்க, வெள்ளைக்காரங்கள சுத்திக் காட்டுறது உன் தொழிலு, சுருக்கமாச் சொல்லிப் பழக்கம். ஆனா இந்த விசயத்த சுருக்கக் கூடாது தம்பி. அன்னிக்கும் இப்படித்தான் ஒருத்தன் சுருக்கிச் சொன்னான். அந்தச் சுருக்கத்துல எங்கப்பா குடும்பமே போச்சு. உக்காரு. அந்த டிரைவர் பையன் கார்ல ஏர்கான் போட்டு வச்சிருக்கானா? சரி, அப்ப அந்தம்மா கொஞ்ச நேரம் அழட்டும். எண்பது வயசுல அவ்வளவு தூரம் ஏரோப்பிளான்ல ஏறி வந்திருக்கு, அழறதுக்குத்தான வந்திருக்கு. தேத்தண்ணிய எடுத்துக்க. நீ குடிச்சிக்கிட்டே கேளு, ஆனா முழுசாக் கேளு. அப்புறம் போயி முழுசாச் சொல்லு.

இப்ப பாக்குற இந்தச் செம்பனை எதுவும் அப்பக் கெடையாது. பூரா பால்மரம், ரப்பர் எடுக்குறது. மூங்கத்தோட்டம்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. ஜப்பான்காரன் காலத்துல பால்வெட்டு நின்னு போச்சு. வெட்டி எங்க அனுப்புறது? மரவள்ளிக் கெழங்கப் போட்டுத் தின்னுக்கிட்டுக் கெடந்தோம். எங்கப்பா பேரு ஏழுமலை. தோட்டத்துல கான் வெட்டுறவரு, தண்ணி ஓடுற வாய்க்கா. பெரிய ஆளெல்லாம் கெடையாது, கங்காணி கூப்பிட்டா துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு ஓடுவாரு. அம்மா பச்சையம்மா. எனக்கு ஒரு அண்ணன், அர்ச்சுனன். அவன சயாமுக்கு ரயில் ரோடு போடுறதுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. மூணு மாசத்துல அனுப்பிடுவோம்னான் ஜப்பான்காரன். ரெண்டு வருசம் ஆச்சு. செத்தானா இருக்கானான்னு ஒரு தகவலும் இல்ல.

இப்ப துணிக்கு வரேன். நீ சிரிக்கக் கூடாது. உனக்கெல்லாம் துணின்னா கடையில தொங்குறது. அந்தக் காலத்துல தோட்டத்துல துணியே கெடையாது தம்பி. இருந்ததெல்லாம் கிழிஞ்சு போச்சு. ஆம்பளைங்க கோணிச் சாக்கு கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. சில பேரு ரப்பர் சீட்டையே வெட்டி இடுப்புல சுத்திக்கிட்டாங்க, வெயில்ல அது தோலோட ஒட்டிக்கும். எங்க வீட்டுல ஒரே ஒரு பொடவ. அம்மா வெளிய போனா நான் உள்ள சாக்குக்குள்ள உக்காந்திருப்பேன். நான் வெளிய போனா அம்மா உக்காந்திருப்பா. எனக்குப் பதிமூணு வயசு, வயசுக்கு வந்துட்டேன். சடங்கு சுத்தல, மஞ்சத்தண்ணி ஊத்தல, எதக் கட்டிக்கிட்டு மணையில உக்காருறது? சாக்கு உடம்ப அறுக்கும். இங்க பாரு, இந்தத் தோள்பட்டையில. இன்னும் தழும்பு இருக்கு.

அப்பதான் அது விழுந்துச்சு.

ஆடி மாசம். காலையில நல்ல மழ விட்டிருந்துச்சு. மேல சத்தம் கேட்டுச்சு, எங்க ஆளுங்க எல்லாம் மரத்தடியில பதுங்கினோம். வாலுல பொகையோட ஒரு வெள்ளைக்காரன் ஏரோப்பிளான் தாழப் பறந்து வந்துச்சு. பின்னால ஒரு மலைமேடு இருந்துச்சே, இப்ப அதையும் வெட்டிட்டாங்க, அதுல மோதிக்கிச்சு. நாங்க குடியிருந்த லயத்துல சட்டி பானையெல்லாம் உருண்டுச்சு. யாரும் கிட்டப் போகல. மறுநாள் ஜப்பான்காரங்க வந்தாங்க. துப்பாக்கியெல்லாம் கழட்டி எடுத்துக்கிட்டாங்க. கங்காணியக் கூப்பிட்டு, இதுங்களச் சுத்தம் பண்ணிடுன்னு கையக் காட்டிட்டாங்க. இதுங்கன்னா, அவங்க. அந்தம்மாவோட தம்பியும் மத்தவங்களும்.

கங்காணிக்குப் பயம். வெள்ளைக்காரன் பொணத்தத் தொட்டா நாளைக்கு எவன் வந்து என்ன கேப்பானோன்னு. தோட்டத்துக் கிராணி தங்கையான்னு ஒருத்தன் இருந்தான், ஆபீஸ் எழுத்து வேல. இங்கிலீசு தெரியும், ஜப்பான் பாசையும் கத்துக்கிட்டான், எவன் வந்தாலும் அவன் வாய்க்கு வேல இருக்கும். அவனும் பின்னாடி போயிட்டான். எங்கப்பாதான் மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பினாரு. கான் வெட்டுற ஆளு, மண்ணு தோண்டுறவன்தானேன்னு யாரும் தடுக்கல.

எங்கம்மா கேட்டா, உனக்கென்ன தலையெழுத்தா, நீ ஏன் போறன்னு. அப்பா சொன்னாரு, நம்ம பையன் எங்க கெடக்குறானோ. நாம இங்க ஒருத்தன் பெத்த புள்ளைக்குச் செஞ்சா, அங்க ஒருத்தன் நம்ம புள்ளைக்குச் செய்வான்ல. அவ்வளவுதான். எனக்கு அப்பக் கோவம்தான் வந்துச்சு. அவருக்கு மகன் மட்டும்தான் மகன். வீட்டுக்குள்ள சாக்குல ஒரு பொண்ணு உக்காந்திருக்கே, அது கண்ணுல படல பாரு.

முழுசா இருந்தது ரெண்டு பேருதான் தம்பி. மத்ததெல்லாம் அள்ளிச் சேத்தது. இத அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்லுவியோ, உன் சாமர்த்தியம். எங்கப்பா கணக்குப் பண்ணி ஆறு பேருன்னாரு. அந்தம்மா இன்னிக்கு எட்டுப் பேருங்குது. எட்டுப் பேரா! நாங்க ஆறுதான நெனச்சோம். காலையிலேருந்து எனக்கு அதான் மனசுல குத்திக்கிட்டே இருக்கு, ஏன்னு அப்புறம் சொல்றேன். போட்டோவ நீட்டி, இவன் எப்படி இருந்தான்னு வேற கேக்குது. காது ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கான். தூங்குற மாதிரி இருந்தாருன்னு நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல.

அந்த எடத்துலதான் பாரசூட் கெடந்துச்சு. அவங்க குதிக்கவே நேரமில்ல போல, மூட்டை மூட்டையாக் கட்டினபடியே இருந்துச்சு. பாதி எரிஞ்சு போச்சு. ஒண்ணு முழுசாத் தப்பிச்சு, அவுந்து செடிமேல விரிஞ்சு கெடந்துச்சு. வெள்ளப் பட்டு. தம்பி, நான் என் கல்யாணத்துலகூட அந்த மாதிரி ஒரு துணியத் தொட்டதில்ல. லயத்துப் பொம்பளைங்க எல்லாம் ஓடினோம். மலையேறிக்கிட்டு, சாக்கோட, கோணியோட. பொணத்தப் பத்தி ஒருத்திக்கும் பயமில்ல, துணியப் பாத்ததும் பயமெல்லாம் ஓடிப் போச்சு. கங்காணி பொண்டாட்டி அத அளந்தே பாத்துட்டா. பத்துப் பொடவைக்கு மேல வருங்கிறா. எனக்கு ஒண்ணுன்னு சொல்லு அப்பான்னு நான் எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டேன்.

எங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? பொணத்துக்குக் கோடி போடணும்ல.

கோடின்னா தெரியுமா உனக்கு? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அதயும் சொல்ல வேண்டியிருக்கு. செத்தவங்க மேல புதுத் துணி போடுறது. சொந்தக்காரங்க கொண்டாந்து போத்தணும். அம்மணமா அனுப்பக்கூடாது. ஊர்ல உயிரோட இருக்குறவங்க அம்மணமாத் திரியறோம், இவரு செத்தவனுக்குக் கோடி போடணுங்கிறாரு. அதுவும் பத்துப் பொடவத் துணி. பொம்பளைங்க அவரப் பிடிச்சு உலுக்காத கொறதான். ஒரு முழம் குடு ஏழுமலை, ஒரு முழம்னு கெஞ்சினாங்க. கங்காணி பொண்டாட்டி காறித் துப்பினா. அவரு அசையல. இது அவங்க துணி, அவங்களோடவே போகட்டும்னாரு. கங்காணி கூப்பிட்டா ஓடுற மனுசன், அன்னிக்கு யார் சொல்லையும் கேக்கல.

எதுக்குப் பொதைக்கலன்னு அந்தம்மா கேக்குதுல்ல? கிராணியும் அன்னிக்கு அதான் சொன்னான், வெள்ளைக்காரங்க பொதைப்பாங்கன்னு, தூர நின்னுக்கிட்டு. தம்பி, அந்த ரெண்டு வருசமா எங்க ஆளுங்க காய்ச்சல்லயும் பசியிலயும் செத்துக்கிட்டேயிருந்தாங்க. கெழங்கு தின்ன ஒடம்புல ஆழமாக் குழி வெட்டத் தெம்பு ஏது? மேலாகப் பொதைப்போம். காட்டுப் பன்னி வந்து தோண்டிடும். காலையில போனா, வேணாம், அத விடு. எங்கப்பா அதப் பாத்தவரு. அவங்க ஆத்தாகாரிக்கு நான் பதில் சொல்லணும், பன்னிக்குப் போட முடியாதுன்னாரு. காஞ்ச பால்மரமா வெட்டி அடுக்கினாரு. நல்லா எரியும் அது.

ஒரு ஜப்பான் ஆபீசர், சின்ன வயசு, திரும்ப வந்தான். தடுப்பான்னு நெனச்சோம். அவன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு ஓரமா நின்னான். எல்லாம் முடியற வரைக்கும் நின்னான். அவங்க ஊர்லயும் எரிக்கிற வழக்கமாம்.

எங்கப்பா தலையச் சிரைச்சுக்கிட்டாரு. கத்தி மொக்க, மண்டையெல்லாம் ரத்தம். அந்தப் பட்டுத் துணியத் துண்டு துண்டாக் கிழிச்சு ஆறு பேரு மேலயும் போத்தினாரு. ஒரு கை அகலத்துக்கு ஒரே ஒரு துண்டக் கிழிச்சு தன் இடுப்புல கட்டிக்கிட்டாரு. எங்க பக்கத்துல கொள்ளி வைக்கிறவன் கோடியில ஒரு துண்டு கட்டிக்கணும், மகன் மொறைக்கு. ஊர்ல ஒருத்தன் கேலி பண்ணினான், ஏழுமலைக்கு ஒரே நாள்ல ஆறு அப்பன்டான்னு. சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு வச்சிக்கயேன், அவ்வளவு கோவம் எனக்கு.

அப்புறம் ஒரு சங்கடம். அழணும்ல? பொம்பளைங்க சுத்தி உக்காந்து அழாம எந்தப் பொணத்த எங்க ஊர்ல எடுத்திருக்காங்க? ஆனா யாரச் சொல்லி அழுறது? பேரு தெரியாது. மாமனா மச்சானா, ஒரு மொறை வேணும்ல. ஒப்பாரியில ராசாவேன்னு ஆரம்பிச்சா அடுத்த அடி என்ன வைக்கிறது? துணி கெடைக்கலங்குற ஆத்தரம் வேற. எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க. எங்கப்பா கொள்ளிக்கட்டையோட நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு.

எங்கம்மா போனா. அந்தப் பொடவ அன்னிக்கு அவ மேலதான் இருந்துச்சு. தலைமாட்டுல உக்காந்தா. உக்காந்து, அர்ச்சுனான்னு கூப்பிட்டா.

உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாத புள்ளைய, எரியப்போற பொணத்துகிட்ட உக்காந்து பேரு சொல்லி அழலாமா? எங்கப்பா ஓடி வந்து வாயப் பொத்தினாரு. அவன் வருவான்டி, வாய மூடுடின்னாரு. அவ கையத் தட்டி விட்டுட்டா. அர்ச்சுனா, பால் குடிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்க நான் இல்லையேன்னு ஆரம்பிச்சா. ஒவ்வொருத்தன் தலைமாட்டுலயும் போயி உக்காந்து அதே பேரச் சொன்னா. அப்புறம் மத்தப் பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க. எல்லா வீட்டுலேருந்தும் ஒருத்தன் சயாம் போயிருந்தான். ஆளாளுக்கு அவங்கவங்க பேரு கெடைச்சிருச்சு. தம்பி, அந்த மலையில அன்னிக்கு அழுத அழுக மாதிரி நான் அப்புறம் கேட்டதேயில்ல. சொந்தத் தாய் இருந்தாக்கூட அப்படி அழுதிருக்க மாட்டா. இத அந்தம்மாகிட்ட சொல்லு. இத நல்லாச் சொல்லு.

மறுநாள் பால் தெளிக்கப் பாலுக்கு எங்க போறது? தேங்காயப் பிழிஞ்சு ஊத்தினாரு. எலும்பு பொறுக்கி ஆத்துல கரைச்சாரு. பதினாறாம் நாளு கருமாதி. எல்லாம் மொறைப்படி. மரவள்ளிக் கெழங்குதான் படையல், வேற என்ன இருந்துச்சு? ஒண்ணுதான் மொறைக்கு மாறாச் செஞ்சாரு. இடுப்புல கட்டின துண்ட ஆத்துல விடணும். விடல. தொவச்சு, மடிச்சு, கூரையில சொருகி வச்சாரு. அந்தத் துண்டையாவது குடு, ரவிக்கைக்கு ஒரு கை ஆகும்னு நான் கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. அந்தப் புள்ளைங்களத் தேடி யாராவது வருவாங்க. உன் புள்ளைய சும்மா அனுப்பல, கோடி போட்டுத்தான் அனுப்பினோம்னு காட்டணும்மா. அப்படின்னாரு.

வந்தாங்க. அடுத்த மாசமே ஜப்பான்காரன் தோத்துட்டான், வெள்ளைக்காரங்க வந்துட்டாங்க. பட்டாளத்து ஆபீசர் ஒருத்தரு, ரெண்டு சிப்பாயி. ஏரோப்பிளான்காரங்க பொணம் எங்கன்னு கேட்டாங்க. அதுக்குள்ள கிராணி தங்கையாவுக்குத் தலைக்கு மேல கத்தி. ஜப்பான்காரனுக்கு எழுதிக் குடுத்தவன்லாம் உள்ள போய்க்கிட்டிருந்தான். அவன்தான் துபாசி. அந்த மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீசர், இந்தப் பக்கம் எங்கப்பா, நடுவுல அவன். நான் சன்னலுக்கு வெளிய நின்னேன், சாக்கோடதான்.

எங்கப்பா ஆதியோட அந்தமாச் சொன்னாரு. பன்னி தோண்டுறதச் சொன்னாரு. வெறகு அடுக்கினது, மொட்ட போட்டது, எங்கம்மா அழுதது, தேங்காப்பால் ஊத்தினது, ஒண்ணு விடாம. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா நீளம் தெரியும்ல? அப்பா அவ்வளவு சொன்னதுக்குக் கிராணி ஒரு வரி சொன்னான். ஆபீசர் மொகம் செவந்து போச்சு. உடனே எங்கப்பா, அதப் பாத்துப் பயந்து, இருங்க தொரைன்னு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடினாரு. கூரையிலேருந்து அந்தத் துண்ட எடுத்துக்கிட்டு வந்து, ரெண்டு கையாலயும் ஏந்தி, சாமிக்குக் குடுக்குற மாதிரி நீட்டினாரு. கோடி தொரை, கோடி போட்டேன்.

கிராணி அதுக்கும் ஒரு வரி சொன்னான். அவன் என்ன சொன்னான்னு அப்புறம் ஊரே சொல்லுச்சு. பொணத்துகிட்டருந்து இவன் எடுத்த துணி, பொணத்த ஜப்பான்காரன் முன்னாடி வச்சு எரிச்சுட்டான். அவ்வளவுதான் தம்பி. ஒரு வார்த்தையும் பெரும் பொய்யில்ல பாரு. துணிய எடுத்தது நெசம். எரிச்சது நெசம். ஜப்பான்காரன் நின்னது நெசம். எல்லாம் நெசம், சுருக்கிட்டான்.

எங்கப்பாவ அங்கேயே அடிச்சாங்க. அப்புறம் லாரியில ஏத்திக்கிட்டுப் போயி ஜெயில்ல வச்சாங்க. விசாரணையும் முடிக்கல, தண்டனையும் குடுக்கல. ஒரு நாள் கதவத் தெறந்து போன்னு சொல்லிட்டாங்க. குத்தவாளின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அதான் கொடும. வந்தவரு பல்லு பாதி இல்ல, நிமிந்து நடக்க முடியல. ஊர்ல அவருக்குப் பேரு, பொணத்துல திருடினவன். எனக்குப் பேரு, பொணத்துல திருடினவன் மக. துணி கேட்டுக் கெடைக்காத பொம்பளைங்கதான் மொதல்ல சொன்னாங்க. எனக்குப் பேசி வச்சிருந்த எடம் நின்னு போச்சு. கடைசியில ரெண்டாந்தாரமாத்தான் போனேன். சரி, அவரும் நல்ல மனுசன்தான், போய்ச் சேந்துட்டாரு.

நீயே காலையில சொன்னியே, அந்தம்மாவோட அம்மாகிட்ட பட்டாளத்துல என்ன சொன்னாங்கன்னு? ஊர்க்காரங்க பொணத்த உரிச்சு, எரிச்சுட்டாங்க, கல்லறை கெடையாதுன்னு. அந்தத் தாய்க்காரி சாகற வரைக்கும் அத நெனச்சுக்கிட்டே செத்திருக்கா. கிராணி சொன்ன ஒரு வரி எவ்வளவு தூரம் போயிருக்கு பாரு. அவ்வளவு பெரிய கடலத் தாண்டிப் போயிருக்கு. இன்னிக்கு நீ போயி அதே வரிய மறுபடி சொல்லிட்டு வந்துட்ட. எங்கப்பா பேருல இருக்குற கறையத் தொடைக்கறதுக்கு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுதான் மிச்சம். அது அந்தக் கார்ல உக்காந்திருக்கு. அது போயிருச்சுன்னா முடிஞ்சது.

என்னது? ஆமா, அவங்களுக்கு வருசா வருசம் திதி செய்யறோம். ஆடி அமாவாசைக்கு. எங்கப்பா இருந்த வரைக்கும் அவரு, இப்ப நான். ஆசையோட ஒண்ணும் செய்யல, செய்யச் சொல்லிட்டுப் போனாரு, செய்யறேன். சோறு, ஒரு டின்னு மத்தி மீனு, ரொட்டி, பால் ஊத்தின கோப்பி. மொளகா சேக்க மாட்டேன். வெள்ளைக்காரன் காரம் தாங்க மாட்டான்னு எங்கப்பா சொல்லுவாரு. வரிசையா ஏழு எல போடுவேன். எட்டுப் பேருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா! ரெண்டு பேரு அம்பது வருசமா எல இல்லாம நின்னிருக்காங்க பாரு. எவன் அந்த ரெண்டு பேருன்னும் தெரியல. அந்தம்மா தம்பியாக்கூட இருக்கலாம். வர்ற ஆடிக்குச் சேத்துடுவேன்.

நல்லாக் கணக்குப் பாக்குற. ஆமா, ஆறு பேருன்னுதான் நெனச்சோம். ஏழாவது எல எங்கண்ணனுக்கு.

எங்கப்பா ஜெயில்லேருந்து வந்து கொஞ்ச நாள்லதான் சாமிக்கண்ணு வந்தான், அர்ச்சுனன் கூடப் போனவன். எலும்பும் தோலுமா வந்தான். எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேங்குறான். அப்பவே தெரிஞ்சு போச்சு. காய்ச்சலா, காலராவான்னு எங்கம்மா கேட்டா. அவன் மேல கையக் காட்டினான். ஏரோப்பிளான்னான். பாலத்துல வேல செஞ்சிக்கிட்டிருந்தப்ப வெள்ளைக்காரன் ஏரோப்பிளான் வந்து குண்டு போட்டுச்சாம். நம்மளக் காப்பாத்த வர்றாங்கன்னு நம்ம ஆளுங்க சில பேரு கையத் தூக்கி ஆட்டினாங்களாம். அதுல எங்கண்ணனும் ஒருத்தன்.

எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. மேல துணி போட்டாங்களாப்பா? சாமிக்கண்ணு வாசப்படியில உக்காந்துட்டான். மறுபடி கேட்டாரு. துணி ஏது மாமா, குழியில தள்ளி மண்ணப் போட்டாங்க, நெறயப் பேரு, அப்படின்னான்.

அப்புறம் ஆடி அமாவாசை வந்துச்சு. எங்கம்மா அடுப்பு மூட்ட மாட்டேன்னுட்டா. எம்புள்ள தலையில போட்டவனுக்கு நான் ஆக்கிப் போடணுமா, உனக்குச் சூடு சொரணை இல்லையா, உம்பல்ல ஒடச்சவனும் அவன்தானேன்னு கத்தினா. எனக்கும் அவ பக்கம்தான் மனசு. எங்கப்பா எழுந்திரிச்சுப் போயி அடுப்ப மூட்டினாரு. அவரே ஆக்கினாரு, சோறு அடி பிடிச்சுப் போச்சு. அவரே மலைமேட்டுக்குக் கொண்டு போயி ஆறு எல போட்டாரு. அப்புறம் அதே வரிசையில இன்னொரு எலையப் போட்டாரு. தள்ளி இல்ல தம்பி, அதே வரிசையில. எங்கம்மா பின்னாடியே வந்தவ பாத்துக்கிட்டு நின்னா. திட்டுவான்னு நெனச்சேன். முந்தியிலேருந்து ரெண்டு பச்ச மொளகாய எடுத்து அந்த ஏழாவது எலையில மட்டும் வச்சுட்டு, திரும்பிப் பாக்காம போயிட்டா.

அவருக்கு மகன் மட்டும்தான் மகன்னு சொன்னேன்ல. இல்ல, அதுவும் சரியில்ல. என்னமோ போ. அந்த மனுசன எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

அந்தம்மா அழறதுக்கு முன்னாடி உன்கிட்ட என்னமோ பெருமையாச் சொல்லுச்சு, நீ எனக்குச் சொன்ன. அதோட தம்பிக்கு ஏரோப்பிளான் மூக்குல படுத்துக்கிட்டு, குறி பாத்துக் குண்ட விடுற வேலையாம். கெட்டிக்காரனாம். சயாம் ரயில் பாலமெல்லாம் அவன்தான் ஒடச்சானாம், மெடல் குடுத்தாங்களாம். நான் தலைய ஆட்டிக்கிட்டே கேட்டேன். பாத்தியா என் மொகத்த? ஒண்ணும் தெரியலல்ல? அதே ஏரோப்பிளானா, அதே பாலமான்னு கேக்காத. எனக்குத் தெரியாது. எத்தனையோ பாலம், எத்தனையோ ஏரோப்பிளான். தெரிஞ்சுக்கவும் வேணாம்.

இப்பப் போ. போயி முழுசாச் சொல்லு. எரிச்சோம், ஆனா அனாதையா எரிக்கல. ஊரே அம்மணமா இருந்தப்ப உன் தம்பிக்குப் பட்டுல கோடி போட்டோம். எங்கப்பா மகன் மொறைக்கு மொட்ட போட்டாரு. எங்கம்மா தன் புள்ள பேரச் சொல்லி அழுதா. நாங்க திருடல. அத ரெண்டு தடவ சொல்லு, நாங்க திருடல.

அர்ச்சுனன் எப்படிச் செத்தான்னு மட்டும் சொல்லிடாத.

எனக்குத் தெரியும் தம்பி. அதத் தெரிஞ்ச பின்னாடியும் எங்கப்பா எல போட்டாருன்னு சொன்னா, அதுக்கு மேல ஒரு சாட்சி வேணாம். அந்தம்மா எழுந்திரிச்சு வந்து எங்கப்பா பேரக் கும்பிடும். எனக்குத் தெரியாதா? அம்பது வருசமா அதத்தான கேட்டுக்கிட்டிருக்கேன். ஆனா வேணாம். எண்பது வயசு. தன் தம்பி போட்டோவக் கைப்பையில வச்சிக்கிட்டுச் சுத்துது. இனிமே அதப் பாக்குறப்பல்லாம் எங்கண்ணன் கையத் தூக்கி ஆட்டுறதும் சேந்து தெரியணுமா? அவங்க ஆத்தாவுக்குத்தான் கிராணி அப்படி ஒரு வரி அனுப்பி வச்சான். நாமளும் ஒண்ணு அனுப்ப வேணாம்.

இதோ கதவத் தெறக்குது பாரு. அதுவே எறங்கி வருது. மெதுவா, மெதுவா வரச் சொல்லு, அங்க படி வழுக்கும். ஓடிப் போயி கையப் பிடிச்சிக்க. உங்க அண்ணன் என்ன ஆனான்னு என்னைக் கேட்டுச்சுன்னா, நான் சொல்றத அப்படியே சொல்லு தம்பி. ரயில் வேலைக்குப் போனான், அங்க காய்ச்சல்ல போயிட்டான்.

சுருக்கமாச் சொல்லு, போதும்.